கொசுவின் இறக்கையில் விரிசல்: 1944இல் பழி யார் மேல் விழுந்தது?

இரண்டாம் உலகப்போரில் பறந்த பிரிட்டிஷ் விமானங்களில் மஸ்கிட்டோ ஒரு தனி ரகம். பேர் கொசு, உடம்பு மரம். எல்லாரும் அலுமினியத்துக்கு ஓடிக்கொண்டிருந்த காலத்தில் டி ஹேவிலண்ட் கம்பெனி மட்டும் மரத்தையும் பசையையும் வைத்து ஒரு விமானம் கட்டியது. அது அந்தக் காலத்தின் மிக வேகமான விமானங்களில் ஒன்றாகவும் ஆனது. 1940 நவம்பர் 25இல் முதல் பறப்பு. கடைசிக் கணக்கில் மொத்தம் 7,781 விமானங்கள்.

1944 பிற்பகுதியில் அந்த மஸ்கிட்டோக்கள் இந்திய வானத்தில் இறக்கை பிளந்து விழ ஆரம்பித்தன. விசாரணைக்குழு வந்தது. இந்தியாவின் தட்பவெப்பம்தான் காரணம் என்று முடிவு சொன்னது. பிறகு நடந்த விசாரணைகள் வேறு ஒன்றைக் கண்டுபிடித்தன. ஆனாலும் வெளியுலகத்துக்கு நின்றது முதல் முடிவுதான். இந்தக் கதையைத்தான் கொஞ்சம் விரிவாக எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

இதற்குள் நான் வந்த வழி ரொம்பச் சின்னது. எங்கள் ஆரணி வீட்டு அலமாரியில் ஒரு பால்சா மர க்ளைடர் இருக்கிறது. கோடை முடிந்து அதை எடுத்தபோது இறக்கையின் மேல்தோலில் நீளவாக்கில் முடி மாதிரி ஒரு விரிசல். எதை வைத்து அடைக்கலாம் என்று படிக்கப் போனால், மாடல் விமானக் கைநூல்கள் எல்லாம் பெரிய விமானத்தின் நடைமுறையைக் காட்டுகின்றன. பெரிய மர விமானம் என்று போனால் எல்லாப் பாதையும் மஸ்கிட்டோவில் வந்து நிற்கிறது. மஸ்கிட்டோவில் விரிசல் என்று தேடினால் இந்தியா வந்துவிடுகிறது!

மரமும் பால் பசையும்

முதலில் இந்த விமானம் எப்படிக் கட்டப்பட்டது என்று பார்த்துவிடுவோம். அது தெரிந்தால்தான் எங்கே பிளந்தது என்பது புரியும்.

உடம்புப் பகுதியை இரண்டு பாதியாக, பாக்கு மட்டையை நெடுக்கில் பிளந்த மாதிரி செய்தார்கள். அச்சின் மேல் பிர்ச் மர ப்ளைவுட், அதன் மேல் பால்சா, அதன் மேல் மறுபடி பிர்ச் ப்ளைவுட். நடுவில் லேசான மரம், இரண்டு பக்கமும் கெட்டியான மரம், எல்லாம் பசையால் ஒன்றானது. பால்சா என்பது தென் அமெரிக்காவின் எக்வடோரிலிருந்து வரும் மரம். ஒரு கன மீட்டர் சுமார் 160 கிலோதான் இருக்கும். நம்ம தேக்கு அதே அளவுக்கு 650 கிலோ பக்கம் வரும்.

இறக்கை வேறு மாதிரி. இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே துண்டு, 54 அடி 2 அங்குலம். உள்ளே முன்னும் பின்னுமாக இரண்டு ஸ்பார்கள். ஸ்பார் என்றால் இறக்கையின் முதுகெலும்பு. வீட்டுக்கூரையில் உத்தரம் செய்யும் வேலையை இறக்கையில் அது செய்கிறது. இந்த ஸ்பார்கள் பெட்டி வடிவம். மேலும் கீழும் ஸ்ப்ரூஸ் மரப்பட்டைகளை அடுக்கி ஒட்டிய கட்டை, இரண்டு பக்கமும் ப்ளைவுட். அதன் மேல் இறக்கையின் தோல். மேல்தோல் மட்டும் இரட்டை. இரண்டு ப்ளைவுட்டுக்கும் நடுவில் டக்ளஸ் ஃபிர் மரச்சட்டங்கள் வரிசையாக ஓடும். பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளையும், அப்போது மேல்தோல் அமுக்கப்படும் என்பதால் இந்த ஏற்பாடு.

இவ்வளவையும் பிடித்து வைத்திருப்பது பசை. திருகுகளும் ஆணிகளும் உண்டு, ஆனால் பளுவைத் தாங்குவது ஒட்டுத்தான். ஆரம்பத்தில் பயன்படுத்தியது கேசீன் பசை. கேசீன் என்பது பாலின் புரதம். பாலைத் திரித்து எடுத்த அந்தப் புரதத்தைச் சுண்ணாம்போடு சேர்த்தால் நல்ல மரப்பசை கிடைக்கும். காய்ந்தால் கல் மாதிரி நிற்கும். ஆனால் ஈரமும் சூடும் சேர்ந்தால் அதில் பூஞ்சை பிடிக்கும். பாலில் செய்த பண்டம் வேறெப்படி இருக்கும்?

இது டி ஹேவிலண்டுக்கும் தெரியும். அதனால் பிறகு யூரியா-ஃபார்மால்டிஹைடு பசைக்கு மாறினார்கள். இது செயற்கைப் பசை, பூஞ்சை தின்னாது, ஈரத்தையும் மேலாகத் தாங்கும். இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டில் நார்மன் டி ப்ரூய்ன் 1930களில் உருவாக்கிய ஏரோலைட் இந்த வகைதான். இப்படிப் பசை மாறிய விமானங்கள் கிழக்கு நாடுகளுக்கு ஏற்றவை என்ற நம்பிக்கையும் பிறந்தது.

மேலே போர்த்திய துணி

நெசவு ஊர்க்காரனான எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இது. மஸ்கிட்டோவின் மரத்தோலுக்கு மேல் ஒரு மெல்லிய பருத்தித் துணியை இழுத்து ஒட்டி, அதன் மேல் டோப் என்ற வார்னிஷ் மாதிரியான திரவத்தைப் பூசினார்கள். டோப் காயும்போது துணி சுருங்கி முரசுத்தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும். மரத்துக்குள் ஈரம் போகாமல் காக்கும் முதல் அரண் இந்தத் துணிதான்.

அந்தத் துணியின் பேர் மடப்போலம்.

பேரைக் கேட்டதும் நம்ம பக்கத்து வாடை அடிக்கிறது இல்லையா? ஆந்திராவில் நரசாபுரம் அருகே மாதவாயபாலெம் என்ற கிராமம். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அங்கே துணிக் கிடங்கு இருந்தது. ஊர்ப்பேரை வெள்ளைக்காரன் வாயில் போட்டு மென்றதில் மடப்போலம் ஆயிற்று. அங்கிருந்து போன துணிக்கும் அதே பேர். கடைசியில் துணி ஊரை விட்டுப் போனது, பேர் மட்டும் துணியோடு ஒட்டிக்கொண்டது. 1940களில் மடப்போலம் என்பது இங்கிலாந்துக்காரர்களுக்கு ஒரு துணி ரகம், அவ்வளவே. கோதாவரிக் கரைத் தறிகளில் பிறந்த பேர், ஒரு போர் விமானத்தின் தோலாகி இந்தியாவுக்கே திரும்பி வந்தது.

இந்தியாவுக்கு வந்த கொசு

1943இல் சில மஸ்கிட்டோக்கள் இந்தியா வந்தன. இந்த வெயிலையும் மழையையும் மரம் தாங்குமா என்று பார்ப்பது அதில் ஒரு நோக்கம். அகர்தலாவிலிருந்த 27ஆம் ஸ்குவாட்ரன் அவற்றைப் பறக்கவிட்டுப் பார்த்தது. கல்கத்தா பக்கமிருந்து புகைப்பட உளவுக்கும் பயன்பட்டன. முடிவு திருப்தி என்று பட்டதும் பெரிய அளவில் அனுப்பத் திட்டம் போட்டார்கள். பர்மாவில் ஜப்பானியரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த 45, 82, 84, 110 ஆகிய நான்கு ஸ்குவாட்ரன்களும் அதுவரை ஓட்டியது வெஞ்சன்ஸ் என்ற டைவ் பாம்பர் விமானம். அதைக் கொடுத்துவிட்டு மஸ்கிட்டோவுக்கு மாறவேண்டும். மாறுதல் பயிற்சி நடந்த இடங்களில் பெங்களூர் பக்கத்து எலஹங்காவும் ஒன்று, கோலாரும் ஒன்று. ஆரணியிலிருந்து கோலார் ஒன்றும் தூர தேசம் இல்லை.

1944இல் விபத்துகள் தொடங்கின. பறந்துகொண்டிருக்கும்போதே இறக்கை உடைந்து விழும் விபத்து. மஸ்கிட்டோவில் இரண்டே பேர்தான், ஓட்டுநரும் வழிகாட்டியும். இறக்கை போனபின் அவர்களுக்குச் செய்ய எதுவும் இருக்காது. நவம்பரில் விமானங்களைத் தரையில் நிறுத்திப் பரிசோதித்தார்கள். சில இறக்கைகளில் மேல்தோல் ஸ்பாரை விட்டுக் கிளம்பியிருந்தது. ஒட்டு விட்டுப்போயிருக்கிறது!

பசையா, மரமா, வேலையா? எது தப்பு?

தறிக்காரருக்குத் தெரிந்த விஷயம்

விசாரணைக்குப் போகுமுன் ஒரு சின்ன மர இயல். இதற்கு ஆய்வகம் வேண்டாம், ஆரணியில் எந்த நெசவு வீட்டிலும் கேட்கலாம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் குழித்தறிக்குள் ஈரம் ஏறும். பாவு தொய்யும், தறிமரம் ஊதும், கழன்று வரவேண்டிய முளை கழலாது. வாசல் கதவு நிலையில் சிக்கிக்கொள்ளும். பங்குனி வெயில் வந்ததும் அதே கதவு தொளதொளவென்று ஆடும். அப்போதுதான் நிலையிலும் தறிக்கட்டையிலும் விரிசல் தெரியும்.

இதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான். மரம் காற்றிலுள்ள ஈரத்துக்கு ஏற்ப நீரைக் குடித்தும் விட்டும் கொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் மரத்துக்குள் ஈரம் சுமார் 6 சதவீதத்தில் நிற்கும். காற்றில் 90 சதவீதம் என்றால் மரத்தில் 20 சதவீதத்தை நெருங்கும். ஈரம் ஏறினால் ஊதும், இறங்கினால் சுருங்கும். ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லை. பச்சை மரம் முழுக்கக் காயும்போது இழை ஓடும் நீளவாக்கில் சுருங்குவது ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு. குறுக்குவாக்கில் நூற்றில் 5 முதல் 10 பங்கு வரை போகும். மரம் எப்போதும் இழையோடு சேர்ந்து நீளவாக்கில் பிளப்பது இதனால்தான்.

ப்ளைவுட்டில் இந்த ஆட்டம் குறைவு. ஒரு தாளின் இழை நெடுக்கில், அடுத்ததன் இழை குறுக்கில் என்று மாற்றி மாற்றி ஒட்டியிருப்பதால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். பாவும் ஊடையும் மாதிரி. ஆனால் ஸ்பாரின் மேல்கட்டை தனி மரம். அது குறுக்கில் ஊதும், சுருங்கும். ஆடாத ப்ளைவுட் தோலும் ஆடுகிற ஸ்பார் கட்டையும் ஒரே பசைக்கோட்டில் சேருகின்றன. மழை வந்து போகும் ஒவ்வொரு முறையும் அந்தக் கோட்டில்தான் இழுபறி. பசை முழுப் பரப்பிலும் நன்றாகப் பிடித்திருந்தால் இழுபறியைத் தாங்கும். நடுவில் பிடிக்காத இடம் இருந்தால் அங்கிருந்துதான் விரிசல் ஓட ஆரம்பிக்கும்.

மூன்று விசாரணை, ஒரு முடிவு

முதலில் வந்த குழுவுக்குத் தலைமை மேஜர் ஹெரவர்ட் டி ஹேவிலண்ட். கம்பெனியை நிறுவிய ஜெஃப்ரி டி ஹேவிலண்டின் தம்பி. விமானத்தைச் செய்த குடும்பத்துக்காரரே விமானம் ஏன் விழுந்தது என்று பார்க்க வந்தார். இதில் சூழ்ச்சி தேட வேண்டியதில்லை, அந்த விமானத்தை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் வேறு யார்? ஆனாலும் இதை மனதில் ஒரு ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

1944 டிசம்பர் தொடக்கத்தில் அவர் அறிக்கை வந்தது. பசை கெட்டுப்போனதால் விபத்து இல்லை, மழைக்காலத்தில் மரக்கட்டமைப்பு சுருங்கியதால் விபத்து என்பது அதன் சாரம். ஈரத்தில் மரம் ஊதத்தானே செய்யும், சுருங்குமா என்று ஆரணிக்காரன் உடனே கேட்பான். மழையும் வெயிலும் மாறி மாறி அடித்த விளைவு என்று அதைப் புரிந்துகொள்ளலாம். எப்படியோ, பழி வானத்தின் மேல் போனது.

அடுத்து கேபட், மையர்ஸ் என்ற இருவர் செய்த விசாரணை. அது நேராகத் தொழிற்சாலைப் பக்கம் கை காட்டியது, தயாரிப்பிலேயே குறை என்று.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. விமான உற்பத்தி அமைச்சகத்தின் ஒரு குழு இங்கிலாந்தில் டிஃபோர்ட் என்ற இடத்தில் மஸ்கிட்டோக்களைப் பரிசோதித்தது. டி ஹேவிலண்டின் ஹாட்ஃபீல்ட், லீவ்ஸ்டன் தொழிற்சாலைகளில் செய்தவை. அவற்றிலும் அதே மாதிரிக் குறைகள் தெரிந்தன. அந்த விமானங்கள் இந்தியப் பருவமழையைப் பார்த்ததில்லை, கரையானையும் பார்த்ததில்லை. ஒட்டு வேலையின் தரம் போதாது என்று அந்தக் குழு முடிவு கட்டியது.

சாப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு இந்த இடம் பழக்கமானது. புரோகிராம் கஸ்டமர் இடத்தில் படுத்துவிட்டால் முதலில் வரும் பதில், "எங்க மெஷின்ல ஓடுதே, உங்க சர்வர்ல ஏதோ பிரச்சினை." இதை உடைக்க ஒரே வழி, அந்தச் சூழலே இல்லாத இடத்தில் அதே கோளாறைக் காட்டுவது. டிஃபோர்ட் குழு செய்தது அதைத்தான். மழை படாத விமானத்திலும் பசை பிடிக்கவில்லை என்றால் மழையை எப்படி முதல் குற்றவாளி ஆக்குவது?

ஆனால் விமான அமைச்சகம் மேஜரின் முதல் அறிக்கையையே பிடித்துக்கொண்டது. பெரும்பாலும் தட்பவெப்பம்தான் என்று நின்றது. காரணம் புரியாமல் இல்லை. போர் நடக்கிறது. மஸ்கிட்டோக்கள் ஐரோப்பாவில் தினமும் பறக்கின்றன. இறக்கையின் ஒட்டு சந்தேகம் என்று ஒரு வரி வெளியே போனால் ஓட்டுகிறவனுக்கு நம்பிக்கை போய்விடும். கட்டுப்பாடு இழந்து நேரும் விபத்துகள் மற்ற ரகங்களைவிட மஸ்கிட்டோவில் மூன்று மடங்கு என்று அக்காலப் பதிவுகள் காட்டின என்பதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அதனால் கிழக்கின் மழை எல்லாருக்கும் வசதியான பதிலாயிற்று.

சரிசெய்த விதத்தையும் கவனியுங்கள். இறக்கையின் நீளம் முழுக்க, மேல்தோலின் இணைப்பு ஓடும் கோட்டின் மேல் ஒரு ப்ளைவுட் பட்டையை ஒட்டினார்கள். உள்ளே நீர் கசியாமல் மூடுவதற்காக. நல்ல யோசனைதான். ஆனால் அது நீருக்கான மருந்து. கீழே பசை பிடிக்காத இடம் இருந்தால் பட்டை அதைப் போய் ஒட்டிவிடாது. பிறகு கிழக்கு நாடுகளுக்கு வந்த மஸ்கிட்டோக்களுக்கு வெயிலின் சூட்டைத் திருப்பி அனுப்ப வெள்ளி நிறம் பூசினார்கள். பழைய படங்களில் பளபளவென்று தெரிவது அதுதான்.

தட்பவெப்பம் முழுக்க நிரபராதி என்று நான் சொல்லவில்லை. பிடிக்காத ஒட்டு இங்கிலாந்தின் குளிரில் வருஷக்கணக்கில் சும்மா கிடந்திருக்கலாம். நம்ம மழையும் வெயிலும் அதை ஒரே பருவத்தில் வாய் திறக்க வைத்தன. குறையைச் செய்தது தொழிற்சாலை, காட்டிக்கொடுத்தது பருவமழை. அறிக்கையில் இரண்டும் ஒன்றாகிவிட்டது.

வேறு இரண்டு இறக்கைகள்

மர இறக்கை ஏமாற்றியது இது ஒன்று மட்டும் இல்லை.

1931 மார்ச் 31. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு ஃபோக்கர் எஃப்-10 பயணிகள் விமானம் இறக்கை பிரிந்து விழுந்தது. 8 பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் நூட் ராக்னி, நாடே அறிந்த கால்பந்துப் பயிற்சியாளர். மர இறக்கைக்குள் ஈரம் புகுந்து பசையைக் கெடுத்திருந்தது. ப்ளைவுட் மூடியிருந்ததால் வெளியிலிருந்து பார்த்து உள்ளே என்ன நிலை என்று சொல்ல வழியில்லை. அந்த விபத்தோடு அமெரிக்கப் பயணிகள் விமானங்களில் மர இறக்கையின் காலம் முடிவுக்கு வந்தது.

இன்னொன்று ஜெர்மனி. மஸ்கிட்டோவைப் பார்த்து அவர்களும் ஒரு மர விமானம் செய்தார்கள், ஃபோக்கே-வுல்ஃப் டிஏ 154. வடிவமைப்பு கர்ட் டாங்க். அதற்கான நல்ல பசை வுப்பர்டால் நகரில் தயாரானது. அந்த ஆலை குண்டுவீச்சில் போனது. மாற்றாக வந்த பசையின் அமிலம் மரத்தையே அரித்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். 1944 ஜூனில் விமானங்கள் விழுந்தன, டாங்க் வேலையை நிறுத்தினார். அதே கர்ட் டாங்க் போருக்குப் பின் பெங்களூருக்கு வந்து ஹெச்.ஏ.எல்.லில் மாருத் போர் விமானத்தை வடிவமைத்தார். அது 1961 ஜூன் 17இல் முதன்முதலாகப் பறந்தது. பசையால் தோற்றவர் உலோகத்தோடு நம்ம ஊர்ப்பக்கம் வந்து சேர்ந்தார்!

அலமாரி க்ளைடருக்கு வருவோம்

இவ்வளவும் படித்தபின் மாடல் இறக்கையின் விரிசலைப் பார்க்கும் கண்ணே மாறிவிடுகிறது. செய்து பார்த்தவற்றையும் கைநூல்கள் ஒத்துக்கொள்வதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதல் வேலை, பசையைத் தொடாமல் இறக்கையை இரண்டு கையிலும் பிடித்து மெதுவாக முறுக்கிப் பார்ப்பது. விரிசல் அசையாமல் இருந்தால் அது தோலோடு நிற்கும் விரிசல், காய்ச்சலில் வந்தது. வாய் திறந்து மூடினால் கீழே ஸ்பாரிலோ ஒட்டிலோ ஏதோ விட்டுப்போயிருக்கிறது. மேலே என்ன பூசினாலும் மறுபடி பிளக்கும்.

தோல் விரிசல் என்றால் சுலபம். புது பிளேடால் விரிசலுக்குள் இருக்கும் பழைய பெயின்ட், தூசியைச் சுரண்டி எடுக்க வேண்டும். முடி மாதிரி மெல்லிய விரிசல் என்றால் தண்ணியான சயனோ பசை தானாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும். நேரம் வேண்டும் என்றால் வெள்ளைப் பசையைக் கொஞ்சம் நீர் விட்டு இளக்கி ஊசியால் செலுத்தி, மேலே பாலிதீன் வைத்துப் பளு ஏற்றிவிடலாம். மழைநாளில் செய்யாதீர்கள். ஊதியிருக்கும் மரத்தில் விரிசல் மூடியிருக்கும், காய்ந்ததும் பக்கத்தில் இன்னொன்று திறக்கும்.

விரிசல் அகலமாக இருந்தால் கை தானாகப் புட்டியைத் தேடும். சுவர்ப்புட்டி வேண்டவே வேண்டாம். கனம் அதிகம், வளைந்தால் உதிரும். பால்சாவைவிடக் கெட்டியாக இருப்பதால் உப்புத்தாள் போடும்போது சுற்றியுள்ள மரம் தேய்ந்து புட்டி மட்டும் மேடாக நிற்கும். அதைவிட நல்ல வழி, அதே பால்சாவில் ஒரு சிம்பு சீவி, இழை ஒரே திசையில் ஓடும்படி பசை தொட்டுச் செருகி, காய்ந்தபின் சமமாகத் தேய்ப்பது. மரத்தை மரத்தால் அடைத்தால் இரண்டும் சேர்ந்து ஊதும், சேர்ந்து சுருங்கும். கிழிந்த பட்டை அதே நூலால் இழையோட்டுவது மாதிரிதான். சின்னப் பள்ளங்களுக்கு பால்சாத் தூளைப் பசையில் குழைத்து வைத்தால் போதும்.

ஸ்பாரில் விரிசல் என்றால் அடைப்பது என்ற பேச்சே கிடையாது. பெரிய மர விமானங்களில் நடைமுறை என்னவென்றால், கெட்ட பகுதியை வெட்டி எடுத்து, இரண்டு முனையையும் நீண்ட சரிவாகச் சீவி, புது மரத்தை அதே சரிவில் ஒட்டுவது. ஓர் அங்குலக் கனத்துக்கு 10 முதல் 12 அங்குலம் வரை சரிவு. பசைப்பரப்பு அவ்வளவு பெரிதாக இருந்தால்தான் பளு ஒரே இடத்தில் குவியாமல் கைமாறும். சின்ன மாடலில் விரிசலின் இரண்டு பக்கமும் துணைப்பட்டை ஒட்டலாம். பட்டையின் முனைகளைக் கூராகச் சீவிவிடுங்கள், சதுரமாக விட்டால் அடுத்த முறிவு அந்த முனையில்தான்.

கடைசியாகப் போர்வை. மெல்லிய பட்டுத் துணியை நனைத்து இறக்கை மேல் விரித்து டோப் பூசினால், மரம் மறுபடி பிளக்காமல் துணி பிடித்துக்கொள்ளும். மடப்போலம் மஸ்கிட்டோவுக்குச் செய்த அதே வேலை. முடிந்ததும் இரண்டு இறக்கையும் சம எடையா என்று பாருங்கள். ஒரு பக்கம் நாலு கிராம் ஏறினால்கூட க்ளைடர் அந்தப் பக்கமே சாயும்.

சோழவரத்தில் முடிந்த பாதை

அந்த ஸ்குவாட்ரன்களுக்கு என்ன ஆயிற்று? இறக்கை சோதனைகள் முடிந்து மஸ்கிட்டோக்கள் மறுபடி பர்மா போருக்குப் போயின. பர்மா சண்டை ஓய்ந்து 1945இல் 45, 82 இரண்டும் சென்னைப் பக்கம், சோழவரம் விமான ஓடுதளத்துக்கு வந்தன. பிறகு பரங்கிமலை. 82 கலைக்கப்பட்டது. 45 இலங்கையின் நீர்கொழும்புக்குப் போனது. சோழவரம் ஓடுதளம் பின்னாளில் கார், பைக் பந்தயத்துக்குப் பேர்போன இடமானது. அங்கே பந்தயம் பார்த்த பல பேருக்கு அந்தத் தார்ச்சாலை எதற்காகப் போடப்பட்டது என்பது தெரிந்திருக்காது.

அந்த ஓடுதளத்தில் இறங்கிய ஒவ்வொரு மஸ்கிட்டோவின் இறக்கையிலும் தோல் இணைப்பின் மேல் அந்தப் ப்ளைவுட் பட்டை இருந்தாக வேண்டும். பார்த்தவர்களுக்கு அது மழைக்குப் போட்ட தாழ்வாரம். உள்ளே ஸ்பாருக்கும் தோலுக்கும் நடுவில், இங்கிலாந்தில் ஏதோ ஒரு ஷிப்டில் பசை சரியாகத் தடவினார்களா, போதுமான நேரம் இறுக்கி வைத்தார்களா என்பதில்தான் இரண்டு உயிர் இருந்தது. அது வெளியிலிருந்து தெரியாது. விரிசல் விட்டபிறகுதான் தெரியும், அப்போதும் மழையைக் காட்டிவிடலாம்.

அலமாரி க்ளைடரை முறுக்கிப் பார்த்தேன். விரிசல் அசையவில்லை, தோலோடு சரி. ஒரு பால்சாச் சிம்பு போதும்.